குழாயிடம் சொன்ன கனவு

முதுகலை ஆய்வுக்கு மாணவர் கொடுக்கும் தலைப்பை ஏற்க மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். என் மனைவி உளவியல் படித்த தொலைதூரக் கல்விப் பிரிவின் கையேட்டில் இப்படி ஒரு விதி இருக்கிறது. அது இருப்பது, மாணவர்கள் யாரும் புரட்டாத கடைசிப் பக்கங்களில். நான் புரட்டினேன். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு எந்தக் கையேட்டிலும் கடைசிப் பக்கம்தான் முதல் பக்கம்.

மறுப்பு வந்தது. ஆனால் எழுத்தில் வரவில்லை, தொலைபேசியில் வந்தது. வாய்மொழி உத்தரவு உத்தரவே ஆகாது என்று சொல்லிச் சொல்லியே பணிக்காலத்தை ஓட்டியவன் நான். தென்னாற்காடு, விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த ஊர் ஒன்றுதான், மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவனுடைய மனைவிக்கே வாய்மொழி மறுப்பா என்று எனக்குப் பொறுக்கவில்லை.

அவள் ரிஷிவந்தியம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போவார்கள், இல்லையென்றால் முழங்கால் மருத்துவரிடம் போவார்கள். இவள் உளவியல் முதுகலைக்கு விண்ணப்பம் போட்டாள். வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் எல்லா ஆண்டும் இருப்பார்களாம். அவர்களுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்கும் வழி தெரியாமலேயே தன் பணிக்காலம் முடிந்துவிட்டது என்பது அவளுடைய தீராத குறை. படிக்கச் சேர்ந்தவள், வியன்னாவில் நோயாளிகளைச் சாய்வு மெத்தையில் படுக்க வைத்துப் பேசவிட்ட அந்தத் தாடிக்கார மருத்துவரிடம் வந்ததும் நின்றுவிட்டாள். “மத்தவங்க எல்லாம் இன்னா சொல்லணும்னு சொல்லித் தர்றாங்க. இவரு ஒருத்தருதான் எப்படிக் கேக்கணும்னு சொல்றாரு” என்றாள். ஆகவே அவளுடைய தலைப்பு உளப்பகுப்பாய்வு பற்றியதாகத்தான் இருக்க முடியும்.

எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். மீதி இருந்தது ஆய்வேடு மட்டும். படிப்பை முடிக்க அனுமதிக்கப்பட்ட காலத்தில் அதுதான் கடைசிப் பருவம். ஆடி முடிவதற்குள் தலைப்புக்கு ஒப்புதல் வராவிட்டால், தேறிய தாள்கள் எல்லாம் காலாவதி. பட்டம் இல்லை. மறுபடி முதலிலிருந்து சேர்ந்து படிக்கத் தனக்கு வயது இல்லை என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க நாட்காட்டியைக் கிழிக்கும் வேலையை என்னிடம் விட்டுவிட்டாள்.

வழிகாட்டிப் பேராசிரியர் பேசியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். இளைஞர், மரியாதைக்காரர், வாக்கியத்துக்கு ஒரு மேடம் போட்டுப் பேசினார்.

“மேடம், அது சைக்காலஜியோட சரித்திரம், மேடம். சைக்காலஜி இல்ல. பஞ்சாங்கத்த வெச்சு வானிலை ஆராய்ச்சி பண்ண முடியுமா, சொல்லுங்க.”

பிறகு பொறுமையாக விளக்கினார். ஒரு கொள்கை அறிவியல் என்றால், என்ன நடந்தால் தான் தவறு என்பதை அது முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். ஒருவர் கண்டதை வேறொருவர் வேறோர் ஊரில் செய்து பார்த்தாலும் காண வேண்டும். சிகிச்சை பெற்றவர்களைப் பெறாதவர்களோடு ஒப்பிட வேண்டும். மதிப்பிடுகிறவருக்கு அதன் முடிவில் சொந்த ஆசை இருக்கக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். தொலைபேசியில் தலையாட்டினால் மறுமுனைக்குத் தெரியாது. ஆனால் எதிர் நாற்காலியில் இருப்பவளுக்குத் தெரியும்.

பேச்சு முடிந்ததும், “நீங்க யாரு பக்கம்?” என்று கேட்டாள்.

நடைமுறையில் உன் பக்கம், சாரத்தில் அவர் பக்கம் என்றேன். எழுத்தில் காரணம் தராதது அவர் பிழை. காரணம் சரியானதாக இருப்பது உன் துரதிருஷ்டம். அன்று இரவு உப்புமா.

நான் அவர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம், அந்தப் படிப்பு எங்கள் வீட்டுக்குள் நடந்த விதம். கொத்தமல்லி வாங்க மறந்து வந்தால், அது மறதி இல்லை, சமையலறை மீது எனக்குள்ள எதிர்ப்பு என்பாள். எதிர்ப்பெல்லாம் இல்லை, மறந்துவிட்டேன் என்று சொன்னால், மறுக்கிறீர்கள் அல்லவா, அதுவே சாட்சி. சரி, எதிர்ப்புதான் என்று ஒப்புக்கொண்டால், பார்த்தீர்களா, உண்மை வெளியே வந்துவிட்டது. பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் ஆழமாக இருக்கிறதாம். கொத்தமல்லியை மறக்காமல் வாங்கி வந்த அன்றைக்குக்கூட, இவ்வளவு பயந்து வாங்கி வரும்படி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

இதே முறையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் மேலதிகாரி ஒருவர் ஆக்கிரமிப்பு வழக்குகளை இப்படித்தான் விசாரிப்பார். அழைப்பாணைக்கு ஆள் வந்தால், குற்றம் செய்தவன், பயந்துகொண்டு வந்திருக்கிறான். வராவிட்டால், குற்றம் செய்தவன், பயந்துகொண்டு வரவில்லை. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் நெஞ்சழுத்தம். அவர் பணிக்காலத்தில் ஒரு முறைகூட அவர் கணிப்பு தவறியதில்லை. மேல்முறையீட்டில் அவர் உத்தரவு ஒன்றுகூட நின்றதும் இல்லை. தவறவே முடியாத ஒன்றை நம்பி யாருடைய வேலியையும் பிடுங்கக்கூடாது என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

இதை மனைவியிடம் சொன்னேன். ஓர் அதிகாரி கெட்டவர் என்றால் சட்டமே கெட்டதா என்று கேட்டாள். மனிதனுக்குத் தெரியாமல் அவன் மனம் வேலை செய்கிறது என்பதை இன்றைக்கு எல்லா உளவியலாரும் ஒப்புக்கொள்கிறார்கள், அதை முதலில் உரக்கச் சொன்னவர் யார் என்று கேட்டாள். அவர் வழியில் பிறந்த, பேசவிட்டே குணப்படுத்தும் மருத்துவங்கள் சிலவற்றை இப்போதுள்ள முறைப்படியே சோதித்திருக்கிறார்கள், பலன் இருக்கிறது என்றும் சொன்னாள். அதாவது பிள்ளைகள் தேறிவிட்டார்கள், அப்பாவுக்குத்தான் சான்றிதழ் இல்லை என்றேன். சிரிக்கக்கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டாள். அவள் அடக்கிக்கொண்டதை நானும் அன்று குறித்துக்கொண்டேன்.

மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். விதி எண், பார்வை, பொருள், எல்லாம் முறைப்படி. பதிவுத் தபாலில் போனது. பதில் இல்லை. பதில் வராத இடைவெளியில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அவளுக்குப் பயிற்சி இல்லை. எனக்கு உண்டு. ஒரு காலை, தோசைக் கரண்டியோடு வந்து நின்று, சோதித்துவிடலாம் என்றாள்.

அவள் திட்டம் இதுதான். கனவு என்பது நிறைவேறாத ஆசை நிறைவேறுவது என்று அந்த மருத்துவர் சொல்கிறார். சரி, கனவுகளைத் திரட்டலாம். பாதிக்கு மேல் ஆசையாக இல்லாவிட்டால், இந்த ஆய்வில் அவர் தோற்றார் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். எது ஆசை, எது ஆசை இல்லை என்பதை அவள் தீர்மானிக்கப் போவதில்லை. அதில் நம்பிக்கையே இல்லாத ஒருவர் தீர்மானிப்பார். நம்பிக்கையில்லாதவருக்கு வெளியே தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே ஓய்வூதியத்தோடு ஒருவர் இருக்கிறார்.

எழுதிக் கொண்டுவந்து நீட்டினாள். தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவள் நீட்டி நான் எதிர்க்கேள்வி கேட்காமல் கையெழுத்திட்ட காகிதம் அது ஒன்றுதான். வழிகாட்டி அடுக்கிய நிபந்தனைகளில் பாதியை அவள் அடுப்படியிலிருந்தே நிறைவேற்றிவிட்டதைப் பார்த்து எனக்கு உள்ளூரப் பெருமைதான். காட்டிக்கொள்ளவில்லை. காட்டிக்கொண்டிருந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பாள்.

கனவுக்குக் கல்வராயன் மலை என்று முடிவு செய்தாள். மலைப் பள்ளியில் சில காலம் மாற்றுப் பணியில் இருந்தபோது பழகிய பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அவள் படித்ததையெல்லாம் படித்துவிட்டு அதற்கேற்ற கனவு காண்கிறவர்கள் அல்ல அவர்கள். கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் பேருந்தில் போனோம். தண்ணீர்ப் புட்டி, முறுக்குப் பொட்டலம், குடை மூன்றும் என் பொறுப்பு. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முறுக்கு நொறுங்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூரில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. குட்டையைத் தூர் வாரிவிட்டுப் பெண்கள் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். “டீச்சர் வந்துக்கினு இருக்காங்க” என்று யாரோ சொல்ல, மண்வெட்டிகள் நகர்ந்து இடம் பிறந்தது. கனவைப் பற்றி எழுதப் போகிறேன், கண்டதைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி ஆரம்பித்தாள்.

அவள் கனவில் பேருந்து அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றதாம். நடத்துநர் இறங்கி, ஜன்னலோர இடம் உங்களுக்கு என்றாராம். இன்னொருத்தி, கேரளாவுக்கு வேலைக்குப் போன மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றதைக் கண்டாள். வேறொருத்தியின் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் பிடுங்க வந்துகொண்டே இருந்தது. வயதில் இளையவளான ஒருத்தி மட்டும் சொல்லத் தயங்கினாள். மற்றவர்கள் இடித்துத் தள்ளிய பிறகு சொன்னாள்.

“எங்க மாமியா சோறு ஆக்கி, எனக்குப் போட்டாங்க டீச்சர். கறிச்சோறு.”

“கறி ஜாஸ்தியா, மாமியா பேச்சு ஜாஸ்தியா?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

“பேச்சே இல்லக்கா. அதனாலதான் கனவுன்னு தெரிஞ்சிக்கினேன்.”

பலா மரமே குலுங்கும்படி சிரித்தார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுதினாள். கடைசியில் தலை நரைத்த ஒரு பெண்மணி எழுந்து சேலையை உதறி, “நல்லதாவே சொல்லியாச்சு. இருட்டுறதுக்குள்ள எறங்கிடுங்க டீச்சர்” என்றார். அந்தச் சொல்லில் எல்லாம் இருந்தது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் காதிலும் அது ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து, யார் சொன்னது என்பதை மறைத்து ஒவ்வொரு கனவாக வாசித்தாள். நான் தீர்ப்புச் சொன்னேன். ஆசை. ஆசை. இதுவும் ஆசை. மாமியார் பரிமாறியது ஆசையா என்று கேட்டபோது, பேராசை என்றேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பாதி என்ன, எல்லாமே ஆசை. நம்பிக்கையில்லாதவன் வாயாலேயே தாடிக்காரர் ஜெயித்துவிட்டார். அவள் அன்று பாயசம் வைத்தாள். வழிகாட்டிக்கு அனுப்பப் போகும் மேல்முறையீட்டை மனதுக்குள் வாசித்துக்கொண்டே முந்திரி வறுத்தாள்.

பாயசம் நன்றாக இருந்தது. ஆனால் எனக்கு ஓர் அரிப்பு. நியாய விலைக் கடைகளைத் தணிக்கை செய்தவன் நான். மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கும் சர்க்கரை கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் கசியும், எறும்பும் கொஞ்சம் எடுத்துப் போகும். ஒரு கடையில் இருப்பு ஒரு பிடிகூடக் குறையாமல் இருந்தால் கடைக்காரரைப் பாராட்டக்கூடாது, தராசைப் பார்க்க வேண்டும். உலகத்தில் எந்த ஊரிலாவது பல் விழுகிற கனவு காணாத பெண்கள் உண்டா, துரத்தப்படுகிற கனவு காணாத பெண்கள் உண்டா என்று கேட்டேன். தோற்றுப்போனதை ஏற்க உங்கள் மனம் மறுக்கிறது என்றாள். மறுப்பதாகவே வைத்துக்கொள், தராசைப் பார் என்றேன்.

சில நாள் கழித்து ஒரு விடியற்காலை, கொல்லைப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு எழுந்தேன். நகராட்சித் தண்ணீர் வந்தால் குழாயை மூட மறப்பது இந்த வீட்டில் நான்தான், ஆகவே பழி வருமுன் மூடிவிடலாம் என்று போனேன். அங்கே என் மனைவி குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, விழும் தண்ணீரைப் பார்த்து, வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் கெட்ட கனவு கண்டால் மனிதர்களிடம் சொல்ல மாட்டார்கள். ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிடுவார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும். ஏரி வாய்க்கால் இருந்தவரை வாய்க்கால், இப்போது குழாய். என் அம்மா செய்வாள், அவள் அம்மாவும் செய்வாள். உளப்பகுப்பாய்வில் கனவு பற்றிய தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவளும் செய்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இந்தச் சந்தர்ப்பத்தை விடுகிறவன் இல்லை நான்.

“இன்னா, குழாய மெத்தையில படுக்க வெச்சிருக்கியா?”

திடுக்கிட்டுத் திரும்பினாள். “ஒண்ணுமில்ல. போங்க.”

“இன்னா கனவு?”

“சொல்லக் கூடாதுன்னுதானே தண்ணியில சொல்றேன்.”

“எனக்குச் சொன்னா இன்னா? நான்தானே கனவுக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற ஆளு.”

“தலைப்பு தள்ளிட்டாங்கன்னு வந்துச்சு. உங்களுக்கு எதுக்குங்க அது? கெட்டதக் கேட்டா, கேட்டவங்களுக்கும் சேத்துப் பலிக்கும்னு...”

பாதியில் நிறுத்தினாள். நானும் வாய்வரை வந்த அடுத்த கிண்டலை நிறுத்தினேன். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் முகத்தில் முதலில் வந்தது வெட்கம். பிறகு, கூட்டல் தப்பாகப் போட்டிருப்பதைப் பலகையில் எழுதி முடித்த பிறகு பார்த்துவிட்ட ஆசிரியையின் முகம்.

“அவங்களும் எனக்கு நல்லத மட்டும்தான் சொன்னாங்க” என்றாள்.

மறுபடியும் பேருந்து, மறுபடியும் முறுக்கு. இந்த முறை வேலை நடந்தது ஓடைக்கரையில். என் மனைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள். கெட்ட கனவு யாருக்கும் வரவே இல்லையா?

அந்தக் கேள்வி எவ்வளவு குழந்தைத்தனமானது என்பது அவர்கள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஏன் வராமல், வராத நாளே கம்மி என்றார்கள். அதையெல்லாம் எழுந்ததும் ஓடையிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்கு வருவார்களாம். என்னிடமும் சொல்லியிருக்கலாமே, அதற்குத்தானே வந்தேன் என்றாள் இவள். கறிச்சோறு கனவு கண்ட இளையவள்தான் பதில் சொன்னாள்.

“நீங்க பஸ் ஏறி, அத்தினி வளைவு எறங்கி, வூடு போய்ச் சேர வேணாமாங்க டீச்சர்?”

இறங்கி வரும்போது வளைவுகளில் என் மனைவி முதல் பயணத்துக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டே வந்தாள். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அதை மூடிவைத்தாள். அறிவியலுக்குத் தரவு கொடுப்பதா, வந்த விருந்தாளியைப் பத்திரமாக ஊர் கொண்டு சேர்ப்பதா என்று அவர்களுக்கு ஒரு குழப்பமும் இருந்திருக்கவில்லை என்றாள். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது மேல்முறையீட்டை என்ன செய்வது என்பது கேள்வி. நான் நடைமுறை ஆலோசகன் என்ற முறையில் சொன்னேன்: முன்கூட்டி எழுதியது எழுதியபடி இருக்கிறது, சொன்ன கனவுகள் சொன்னபடி இருக்கின்றன, தீர்ப்புச் சொன்னவன் எதிர்க்கட்சிக்காரன். உனக்குச் சொல்லப்படாத கனவுகளைப் பற்றி எழுதவேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. பட்டம் போய்விடும். அனுப்பிவிடு.

“நீங்கதானே தராசப் பாருன்னு சொன்னீங்க.”

“அது பாயசம் சாப்பிட்ட அன்னிக்கி. இன்னிக்கி நாட்காட்டியப் பார்க்கிறேன்.”

“தராசு சரியில்லன்னு தெரிஞ்ச பிறகு நிறுத்துக் குடுத்தா, அதுக்கு உங்க ஆபீசுல இன்னா பேரு?”

அதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு பேரும் ஒரு பிரிவும் உண்டு. அப்போ உன் வியன்னா வைத்தியர் தோற்றுவிட்டாரா என்று மட்டும் கேட்டேன், அவரையாவது விட்டுக்கொடுக்கிறாளா பார்ப்போம் என்று.

“தோக்கல. பரிச்சையே எழுதல. எழுதாதவனுக்கு நான் பாஸும் போட முடியாது, ஃபெயிலும் போட முடியாது.”

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடைத்தாள் திருத்தியவளின் தீர்ப்பு அது. உளப்பகுப்பாய்வு அறிவியலா என்ற கேள்விக்கு இதைவிட நியாயமான விடையை நான் பிறகும் கேட்கவில்லை. இன்றைய அளவுகோலின்படி அது அறிவியல் இல்லை என்றுதான் இப்போதும் சொல்கிறேன். பல இடங்களில் அது தேர்வு அறைக்குள் வரவே மறுக்கிறது, வந்தாலும் கேள்வித்தாளைத் தானே திருத்திக்கொள்கிறது. ஆனால் அதற்குப் பரீட்சை வைக்கப் போய், கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துச் சொல்வது மாறும் என்பது கைக்குக் கிடைத்தது. அளவுகோல் வைத்திருக்கும் நவீன உளவியலாரும், கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு நிரப்பி வாங்கும்போது, நிரப்புகிறவர் தங்களைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைக்கிறாரா என்று ஒரு முறை யோசிப்பது நல்லது.

பழைய தலைப்பை அவளே அடித்தாள். கனவு எதைச் சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, கனவு யாரிடம் சொல்லப்படுகிறது என்று மாற்றினாள். முதல் பயணத்தின் வெற்றியையும் இரண்டாம் பயணத்தில் அது கவிழ்ந்ததையும் முழுவதுமாக எழுதினாள். குழாயடியைக்கூட விடவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகிறதே என்றேன். தரவு என்றாள். நான் முகப்புக் கடிதம் எழுதி, பருவத்தை நீட்டிக்க வழி செய்யும் விதியையும் சேர்த்துக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

பிறகு காத்திருப்பு. நினைவூட்டல் அனுப்பினேன். தொலைபேசியில் கேட்டால் பரிசீலனையில் உள்ளது என்றார்கள். அந்தச் சொல்லை எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன். அதற்குப் பொருள் என்ன என்பது தெரிந்தவன் மறுமுனையில் நிற்பது கொஞ்சம் கொடுமைதான். ஆனி போனது. ஆடி பிறந்தது. நாட்காட்டியில் தாள் மெலிந்துகொண்டே வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் சமைத்தாள், ஒன்றும் சொல்லாமல் துணி மடித்தாள். ஒரு நாள் வேண்டுமென்றே கொத்தமல்லி வாங்காமல் வந்து நின்று பார்த்தேன். “பரவாயில்ல, இல்லாம செஞ்சிக்கலாம்” என்றாள். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி அவள் ஏன் அவ்வளவு கவலைப்பட்டாள் என்பது அன்று எனக்கு விளங்கியது.

பதில் வந்த நாளில் அவள் சமையலறையில் எலுமிச்சைச் சோறும் புளிச்சோறும் கிளறிக்கொண்டிருந்தாள். கோமுகி அணைப் பக்கம் போகலாம் என்று பக்கத்து வீட்டார் அழைத்திருந்தார்கள். தபால்காரரிடம் கையெழுத்திட்டு உறையை வாங்கி நான் உள்ளே கொண்டுபோனபோது கை முழுக்கச் சோறாக இருக்கிறது என்று காட்டி, நீங்களே படியுங்கள் என்றாள்.

படித்தேன். திருத்திய தலைப்பு ஏற்கப்படுகிறது. ஆய்வேடு சமர்ப்பிக்க மேலும் ஒரு பருவம் அனுமதிக்கப்படுகிறது. முதல் பயணத்தில் நேர்ந்த தவறு பற்றிய பகுதியை மாணவர் சுருக்காமல் விரிவாக எழுத வேண்டும் என்று வழிகாட்டி தம் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார். கடிதத்தின் தலையில் போட்டிருந்த தேதியைப் பார்த்தேன். கணக்காக முப்பது நாளுக்குள் விழும்படி பின்னோக்கிப் போடப்பட்டிருந்தது. உறைமேல் இருந்த அஞ்சல் முத்திரை வேறு கதை சொன்னது. விதி மீறப்படவில்லை. அந்தக் கைவேலையின் அருமை தெரிந்தவன் என்ற முறையில் மனதுக்குள் ஒரு வணக்கம் வைத்தேன்.

அவள் சோற்றுக் கையாலேயே முகத்தை ஒற்றிக்கொண்டாள். நெற்றியில் மஞ்சளாக ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. பிறகு பழைய குரலில் கேட்டாள்.

“ராத்திரி இன்னா கனவு கண்டீங்க?”

கனவெல்லாம் ஒன்றுமில்லை என்றேன்.

“அப்போ விடிகாலையில குழாய் எதுக்கு அத்தினி நேரம் ஓடிச்சு?”

மூட மறந்துவிட்டேன் என்றேன். மறுக்கிறீர்கள் அல்லவா, அதுவே சாட்சி என்றாள். அந்த ஒரு முறை நான் மேல்முறையீடு செய்யவில்லை.

கடிதத்தின் ஓரத்தில், அலுவலக வழக்கப்படி, வந்து சேர்ந்த நாளைக் குறித்து என் சுருக்கொப்பம் இட்டேன்: ஆடிப்பெருக்கு, முற்பகல்.